உன் பட்டியலில் நான் அழித்த வரி

பாப்பா,

நாளை மறுநாள் நீ ஓசூருக்குக் கிளம்புகிறாய். பெட்டி இரண்டும் கூடத்தில் தயாராக நிற்கின்றன. ஊர் விட்டுப் போகிற பிள்ளைக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லி அனுப்புவதுதான் முறை. நானும் அப்படித்தான் எழுத உட்கார்ந்தேன். தண்ணீரைக் காய்ச்சிக் குடி, புது ஊரில் யாரையும் சட்டென்று நம்பிவிடாதே என்று ஒரு பக்கம் எழுதிவிட்டுக் கிழித்துப் போட்டேன். அதைச் சொல்லும் யோக்கியதை எனக்கு இருக்கிறதா என்று நீயே முடிவு செய்துகொள். அதற்கு முன் உனக்கு நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். இந்தக் கடிதத்தை நான் ஒட்டப்போவதில்லை. சித்தப்பா படித்தாலும் சரி, மாடி வீட்டுக்காரர் படித்தாலும் சரி. மூடி வைத்தே ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

நான் சந்தேகத்தால் சோறு தின்றவன் என்பது உனக்குத் தெரியும். முப்பத்தோரு வருடம் டவுன் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர். பழங்காநத்தம் நிறுத்தத்தில் நான் ஏறியதும் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்புகிறவன் யார், அந்த நொடியில் தூங்கிப்போகிறவன் யார் என்று படியில் கால் வைக்கும்போதே கண் எண்ணிவிடும். நடத்துநர் கையில் இருக்கும் தாளில் ஒரு எண்ணை அடித்து எழுதியிருந்தால் அதை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்ப்பேன். பேனா அழுத்தம் பொய் சொல்லாது. காக்கியைக் கழற்றி ஆணியில் மாட்டிய மாதிரி அந்தக் குணத்தைக் கழற்றி மாட்ட எனக்குத் தெரியவில்லை. "கோயிலுக்குப் போனாலும் பூசாரிகிட்ட டிக்கெட்டைக் காட்டுன்னு கேப்பீக" என்று உன் அம்மா சிரிப்பாள். அவள் இருந்தவரை அந்தச் சிரிப்பு எனக்கு ஒரு கடிவாளமாக இருந்தது. அவள் போன பிறகு என்னைப் பார்த்துச் சிரிக்க வீட்டில் ஆள் இல்லை.

இப்படிப்பட்டவன், சந்தேகப்பட வேண்டிய ஒரே இடத்தில் கோட்டை விட்டேன். செந்தில் வீட்டுக்கு மாப்பிள்ளை பார்க்க நானும் சித்தப்பாவும் முதன்முதலில் போனது உனக்குத் தெரியும். அங்கே நான் பார்த்ததை உனக்குச் சொன்னதில்லை. சமயநல்லூரில் நல்ல காற்றோட்டமான வீடு. மாப்பிள்ளை மரியாதையாகப் பேசினான். உள்ளே பார்த்து "அம்மா, தண்ணி" என்றான், அவ்வளவுதான். குரலைக்கூட உயர்த்தவில்லை. அந்த அம்மா டம்ளரைக் கொண்டுவந்து வைத்தபோது கை நடுங்கி, தண்ணீர் தட்டில் சிந்தியது. மகன் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் அவர் உள்ளே போனார். நான் பார்த்தேன் பாப்பா. சர்க்கரை வியாதியாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எனக்கு அந்த வரன் பிடித்திருந்தது. பிடித்துப்போனால் கண் இருந்தும் பார்வை இல்லை.

மூன்றரை வருடம் கழித்து, இடது காதில் ஓயாத இரைச்சலோடு நீ திரும்பி வந்தாய். வக்கீல் அறையில் வைத்துத்தான் உன் போனில் இருந்த ஃபைலைப் பற்றி எனக்குத் தெரிந்தது. "அப்படி நான் சொல்லவே இல்ல, நீயா கற்பனை பண்ணிக்கிற" என்று அவன் தினமும் சொல்லிச் சொல்லி, உனக்கே உன் மேல் ஐயம் வந்த ஒரு நாளில் எழுத ஆரம்பித்தாய். தேதி, மணி, அவன் சொன்ன சொல், அவ்வளவுதான். படம் இல்லை, பூட்டு இல்லை, ஆப் எதுவும் இல்லை. வெறும் எழுத்து. அதற்கு 'மளிகை' என்று பெயர் வைத்திருந்தாய். உன் போனை அடிக்கடி வாங்கி நோண்டுகிறவன், புளியும் பருப்பும் இருக்கும் என்று அதை மட்டும் திறக்கவே இல்லை. "இத எழுதலேன்னா எனக்குப் பைத்தியம்தான்னு நானே நம்பியிருப்பேன் சார்" என்று வக்கீலிடம் நீ சொன்னபோது நான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆக, எழுதி வைப்பது உனக்கு எப்பேர்ப்பட்ட பிடிமானம் என்று எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது. தெரிந்தே செய்தேன்.

பசுமலைக் கல்லூரி அலுவலகத்தில் நீ வேலைக்குச் சேர்ந்து, உன் பழைய போனை எனக்குக் கொடுத்த ஞாயிற்றுக்கிழமையைச் சொல்கிறேன். மாத்திரை, கரண்ட் பில், கேஸ் சிலிண்டர் பதிவு எல்லாவற்றையும் நான் காலண்டர் தாளில் எழுதித் தொலைக்கிறேன் என்று உனக்கு எரிச்சல். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாய்.

"ஒரு வேலைக்கு ஒரு வரிப்பா. முன்னாடி ஒரு சின்னக் கோடு. முடிஞ்சா கோட்டை எடுத்துட்டு எக்ஸ் போடுங்க. அம்புட்டுத்தான்."

"இதுக்குன்னு ஏதோ ஆப்பெல்லாம் இருக்காமே?"

"அது இன்னிக்கு இருக்கும், நாளைக்குக் கம்பெனிய மூடிட்டுப் போயிருவாங்க. வெறும் எழுத்துன்னா எந்த போன்லயும் தொறக்கும், யாரு வேணும்னாலும் படிக்கலாம்."

யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்பதுதான் என் காதில் விழுந்தது. உன் ஃபைலும் என் ஃபைலும் ஒரே ஃபோல்டரில் இருக்கும், நீ ஆபீஸிலிருந்து எனக்கு ஒரு வரி எழுதினால் இங்கே வந்துவிடும் என்று காட்டினாய். "என்னோடத மட்டும் தொட்டுறாதீங்க" என்றாய், சிரித்துக்கொண்டே. அடுத்த வாரமே திறந்து பார்த்தேன். முதலில் உனக்கு வேலை அதிகமோ என்ற அக்கறை. பிறகு மதியச் சாப்பாடு முடிந்ததும் பேப்பர் படிப்பதுபோல அது ஒரு பழக்கம். நீ எந்த டாக்டரைப் பார்க்கிறாய், யாருக்குப் பிறந்தநாள், எந்தப் புடவைக்கு ஓரம் தைக்கக் கொடுத்திருக்கிறாய், எல்லாம் எனக்குத் தெரியும். சாயங்காலம் நீ வந்து சொல்லும்போது தெரியாதவன் போலக் கேட்டுக்கொள்வேன்.

அந்தக் கோடையில்தான் 'செ.' என்ற எழுத்து வரத் தொடங்கியது. 'செ. பரவை, போட்டோ வாங்கணும்.' நாலு நாள் கழித்து, 'செ. கையெழுத்து.' எக்ஸ் போட்டிருந்தாய். அதற்கு அடுத்து, 'வெள்ளி 4 மணி, பரவை, செ. கடைசி நாள்.' பரவை தாண்டினால் சமயநல்லூர். செந்திலுக்கும் முதல் எழுத்து செ. வழக்கு நடந்துகொண்டிருந்தது, சமாதானம் பேசலாம் என்று அவன் பக்கத்திலிருந்து இரண்டு முறை ஆள் விட்டிருந்தார்கள். போட்டோ, கையெழுத்து, கடைசி நாள். முப்பத்தோரு வருடச் சந்தேகம் மொத்தமும் எழுந்து நின்றது. உன்னை அழவைத்துக் கெஞ்சி வழக்கை வாபஸ் வாங்க வைக்கிறான், நீயும் மனசு இளகிவிட்டாய், எனக்குத் தெரியாமல் அவனைப் போய்ப் பார்க்கிறாய் என்று முடிவே கட்டிவிட்டேன். அந்த வாரம் நீ சாப்பிடும்போது உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். போன் மணி அடித்து நீ வாசலுக்குப் போனால் குழாயை மூடிவிட்டுக் காது கொடுத்தேன். ஒருமுறை நீ சிரித்துப் பேசினாய். அது போதுமாக இருந்தது எனக்கு.

உன்னிடம் கேட்டிருக்கலாம். 'யாரும்மா அது செ.?' என்று மூன்று சொல். கேட்டால் உன் ஃபைலைப் படித்தது தெரிந்துவிடும். அந்த வெட்கத்தைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அடுத்ததைச் செய்தேன். வியாழன் மதியம், நீ ஆபீஸில் இருக்கும்போது, அந்த வரியை அழித்தேன். அந்த இடம் காலியாக இருந்தால் உனக்கு ஞாபகம் வந்துவிடுமோ என்று, உன் வரி போலவே முன்னால் சின்னக் கோடு போட்டு, 'வெள்ளி 4 மணி, அப்பாவுக்குக் கண் டாக்டர்' என்று எழுதினேன். நடத்துநர் தாளில் ஒரு எண்ணை மாற்றினால் மை காட்டிக்கொடுக்கும், இதில் ஒரு கீறல்கூட இல்லை. எவ்வளவு லேசாக இருந்தது என்பதுதான் இன்னும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

அந்த வாரம் உன் கல்லூரியில் ஏதோ ஆய்வு. நீ காகிதக் கட்டுகளுக்கு நடுவில், பட்டியல் சொன்னதைச் செய்துகொண்டு ஓடிக்கொண்டிருந்தாய். வெள்ளிக்கிழமை மூன்றரைக்கு மூச்சு வாங்க வீட்டுக்கு வந்தாய். "சுத்தமா மறந்துட்டேன்ப்பா. நல்லவேளை, எழுதி வச்சிருந்தேன். கெளம்புங்க, வாரேன்" என்றாய். நீ எழுதாததை நீ எழுதியதாகவே நினைத்தாய். நான் செருப்பை மாட்டிக்கொண்டேன்.

கண் டாக்டரிடம் என் கண்ணில் சொட்டு மருந்து விட்டு, ஒரு மணி நேரம் வெளியே உட்காரச் சொன்னார்கள். எதிரில் இருப்பதெல்லாம் புகை மாதிரி தெரிந்தது. ஆறு மணி தாண்டிக் கொஞ்ச நேரத்தில் உன் போன் அடித்தது. உன் முகம் எனக்குத் தெரியவில்லை. குரல்கள் மட்டும் கேட்டன. ஸ்பீக்கரில் அந்தப் பக்கம் ஒரு பெண் பிள்ளை.

"அக்கா, நீங்க வரலையே, அங்கனயே ஏத்திட்டீகளாக்கா?"

"என்ன செண்பகம்?"

"அப்ளிகேசன்க்கா. நாலு மணிக்கு வாரேன்னீகள்ல. ஓடிபி வரும், போனை வேற யாருக்கும் குடுத்துறாதன்னு அம்மாகிட்ட சொன்னீக. அம்மா மார்க்கெட்டுக்குக்கூடப் போகாம உக்காந்திருக்கு. ஆறு மணியோட முடியும்னு சொன்னீகளேக்கா."

நீ எழுந்த வேகத்தில் நாற்காலி தரையில் தேய்கிற சத்தம் கேட்டது. 'செ.' யார் என்று அந்த நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டது. மீதியை நீ பிறகு சொல்லித் தெரிந்துகொண்டேன்: பரவை மார்க்கெட்டில் வெங்காயம் தரம் பிரிக்கும் ஒரு அம்மாவின் மகள். பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் எடுத்து, நர்ஸ் ஆக வேண்டும் என்று உன் அலுவலகத்துக்கு விசாரிக்க வந்த பிள்ளை. அவளை அலைய வைக்காமல் எல்லாவற்றையும் நானே ஏற்றிவிடுகிறேன் என்று நீ சொல்லியிருக்கிறாய். போட்டோவும் கையெழுத்தும் விண்ணப்பத்துக்கு. நீ வாசலில் நின்றபடி போனில் விண்ணப்பப் பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தாய். மூடியிருந்தது. என்னை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, நீ அப்படியே பரவைக்கு பஸ் ஏறினாய்.

மறுநாள் காலை என் எதிரில் வந்து உட்கார்ந்தாய். கண் வீங்கியிருந்தது.

"அப்பா, கோவிச்சுக்காதீங்க. என் ஃபைல்ல தெரியாம கைபட்டு எதையாச்சும் தொட்டீங்களா?"

"எனக்கு என்னம்மா தெரியும் அதெல்லாம்" என்றேன்.

டிக்கெட் எடுக்காதவன் முகம் எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அன்று என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும். நீ சந்தேகப்படவில்லை. தலையை ஆட்டினாய். "அப்ப நான்தான் எழுதலை போல. எழுதுன மாதிரியே இருக்குப்பா. வெள்ளின்னு அடிச்சது வெரலுக்கே ஞாபகம் இருக்கு" என்றாய். இரண்டு அலுவலகத்துக்கு நடந்து, கெஞ்சி, கடிதம் கொடுத்துப் பார்த்தாய். நடக்கவில்லை. செண்பகம் ஒரு ஜவுளிக்கடையில் நாளெல்லாம் நிற்கும் வேலைக்குப் போனாள்.

அதற்குப் பிறகு உனக்கு ஆனதைத்தான் எனக்கு எழுத வரவில்லை. வெளியே கிளம்பும்போது அணைத்த அடுப்பை போட்டோ எடுத்துக்கொள்ள ஆரம்பித்தாய். பஸ் நிறுத்தம் வரை போய்விட்டு, கதவைப் பூட்டினோமா என்று திரும்பி வந்தாய். போனில் எழுதியதைப் பேனாவால் உள்ளங்கையிலும் எழுதினாய். "என் மூளைல ஏதாச்சும் கோளாறாப்பா? காதுல பட்ட அடியினால இருக்குமோ?" என்று ஒருநாள் கேட்டாய். அன்றுகூட உண்மையைச் சொல்லாமல், தூங்கினால் சரியாகும் என்றேன். நாளைக்குச் சொல்லலாம், இந்த வாரம் போகட்டும் என்று தள்ளினேன். தள்ளத் தள்ள அது கனத்தது.

அப்புறம் குடும்ப நீதிமன்றம். கூண்டில் நின்றாய். அவன் தரப்பு வக்கீல் நாலைந்து கேள்விக்குப் பிறகு, வழக்கமாகக் கேட்பதுபோலத்தான் கேட்டார்: "உங்களுக்கு மறதி உண்டாம்மா?" இல்லை என்று ஒரு சொல் போதும். நீ பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. "சமீபமா இருக்குங்க சார்" என்றாய். அந்த ஆள் பேனாவை மூடி வைத்தார். 'மளிகை' ஃபைலை ஆதாரமாகக் கொடுக்கலாம் என்று நம் வக்கீல் சொன்னபோது, "வேண்டாம் சார், நான் எழுதுனதையே என்னால நம்ப முடியல" என்று மறுத்துவிட்டாய். கடைசியில் மனமொத்துப் பிரிகிறோம் என்று இருவரும் கையெழுத்துப் போட்டீர்கள். அவன் அடித்தான் என்ற சொல் அந்தத் தாளில் எங்கேயும் இல்லை. அவன் வாயால் மூன்றரை வருடம் முயன்று முடியாமல் போனதை, உன்னைப் பெற்றவன் ஒரு விரலால் செய்து முடித்தேன். அவனிடமிருந்து உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு.

போன செவ்வாய்க்கிழமை நான் பரவைக்குப் போனேன். உனக்குத் தெரியாது. செண்பகம் இந்த வருடம் திண்டுக்கல்லில் நர்சிங் சேர்ந்துவிட்டாள் என்று நீ சொன்ன தைரியத்தில் போனேன். இந்த முறை நீயும் அவளும் ஒரு பிரவுசிங் சென்டரில் சேர்ந்தே உட்கார்ந்து விண்ணப்பம் போட்டதையும் நீதான் சொன்னாய். மார்க்கெட்டில் சாக்குக் குவியல்களுக்கு நடுவில் அந்த அம்மாவைக் கண்டுபிடித்தேன். யார் என்று சொல்லிக்கொண்டு, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கை நிற்கவே இல்லை. அழுகலை ஒரு பக்கம், நல்லதை ஒரு பக்கம் போட்டுக்கொண்டே கேட்டார்.

"சேந்துருச்சுல்ல, அப்புறம் என்னன்னு நெனச்சு வந்தீகளா? ஒரு வருசம் போனது போனதுதானேண்ணே. அந்தக் கடையில நின்னு நின்னு எம்மக காலு ரெண்டும் வீங்கிப் போச்சு."

"தப்புதாம்மா."

"உங்க மக எங்க வீட்டுக்கு வரும்போதெல்லாம் மன்னிப்புக் கேக்குது. ஒவ்வொரு தடவையும். தப்பே செய்யாத பிள்ளை கேட்ட மன்னிப்பையெல்லாம் நாங்க வாங்கி வச்சிருக்கோம். அதை என்ன செய்ய?" ஒரு வெங்காயத்தை அழுகல் பக்கம் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "அதுகிட்ட சொல்லிட்டீகளா?"

"இன்னும் இல்லை."

"அப்ப எங்கிட்ட எதுக்கு வந்தீக, ஒத்திகை பாக்கவா?" என்றார். மறுபடி குனிந்துகொண்டார். நான் நின்றதற்கும் நிற்காததற்கும் அங்கே வித்தியாசம் இல்லை. பஸ் ஏறி வந்துவிட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பியேதான் வந்தேன்.

அதனால் எழுதுகிறேன். உனக்கு மறதி இல்லை. அந்த வெள்ளிக்கிழமையை நீ எழுதினாய். உன் விரல் சொன்னது சரி. ஓசூரில் புது வேலை, புது ஆட்கள். எழுதி வைப்பதை விட்டுவிடாதே. ஆனால் பெயரை முழுதாக எழுதாவிட்டால் பக்கத்தில் இருப்பவன் தன் பயத்தைக் கொண்டு அதை நிரப்பிக்கொள்வான் என்றோ, சுருக்கி எழுதியது உன் குற்றம் என்றோ நான் சொல்ல வரவில்லை. குற்றம் படித்தவனுடையது. ஒன்றே ஒன்று சொல்கிறேன்: உன் பட்டியலில் யார் கை வைக்கலாம் என்பதில் தயவு தாட்சண்யம் பார்க்காதே. அன்பாக இருக்கிறான், பெற்றவன், உனக்காக உயிரையே கொடுப்பான் என்பதெல்லாம் அதற்குத் தகுதி ஆகாது. அப்படிப்பட்டவனைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். வெளியாள் திருடினால் பூட்டு உடையும். வீட்டாள் திருடினால் நீயே உன்னைச் சந்தேகிப்பாய்.

அதே ஃபோல்டரில்தான் 'மளிகை' ஃபைலும் இருந்தது, அதை நான் திருத்தவில்லை. இதை என் வாய்ச்சொல்லை வைத்து ஏற்றுக்கொள்ளாதே. அந்த ஃபோல்டர் என் கைக்கு வருவதற்கு முன் நீ அச்சடித்த பிரதி வக்கீலிடம் இருக்கிறது. ஓசூர் போகும் முன் அதை வாங்கி, போனில் இருப்பதோடு வரிக்கு வரி ஒத்துப் பார். அது சரியாக இருந்தால் அந்த மூன்றரை வருடம் நீ எழுதியபடியே நடந்தது என்று உனக்கு உறுதியாகும். தீர்ப்புத் தாளில் இல்லாவிட்டாலும் உன்னிடம் இருக்கும். என் போனிலிருந்து அந்த ஃபோல்டரை எடுத்துவிட எனக்குத் தெரியவில்லை. நான் எடுக்கப்போய் உன்னுடையதும் அழிந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. நீயே உன் கையால் எடுத்துவிடு.

நாளைக் காலை காபி குடித்ததும் இதை உன்னிடம் கொடுப்பேன். பெட்டிக்குள் ஒளித்து வைத்து, ரயில் ஏறிய பிறகு நீ படிக்கும்படி செய்ய மாட்டேன். நீ படித்து முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருப்பேன். திட்டினால் கேட்டுக்கொள்கிறேன். பேசாமல் எழுந்து போனால் கூப்பிட மாட்டேன். ஸ்டேஷனுக்கு வர வேண்டாம் என்றால் வரமாட்டேன். அதன் பிறகு உன் போனை எடுத்து என்னைப் பற்றி என்ன எழுதத் தோன்றுகிறதோ எழுதி வைத்துக்கொள். நான் படிக்க மாட்டேன்.

அப்பா